நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

தொண்ணூற்றொன்று வரை எல்லாம் சரியாகவே போயிற்று. தொண்ணூற்றிரண்டாவது ஆள் மேடையேறியபோது ஒலிபெருக்கியில் தொண்ணூற்று மூன்றாவது ஆளின் பெயர் கேட்டது.

பிரேமலதா மேடைப் படிக்கட்டின் அடியில் நின்று நாற்காலிப் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் அடுக்கியிருந்த உறைகளில் ஒன்று விடுபட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படியென்றால் அந்தப் பிசகு கடைசி ஆள் வரை தொடர வேண்டும். கடைசி ஆள் வெறுங்கையோடு இறங்க வேண்டும். நடந்ததோ வேறு. இருநூற்றுப் பதினைந்தாவது ஆளிலிருந்து வரிசை தானாகவே சரியாகிவிட்டது. முப்பத்தாறு பேர் தங்கள் சொந்தப் பெயருக்கே நடந்து போனார்கள். இருநூற்றைம்பத்தொன்றில் மறுபடியும் பிசகியது. இந்தத் தடவை எதிர்த் திசையில்: ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் போனவரின் பெயர். முந்நூற்று முப்பத்தொன்பதில் மீண்டும் சரி. நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள் மேடையை விட்டு இறங்கியபோது மேசையில் ஓர் உறைகூட மிஞ்சவில்லை. யாரும் உறையில்லாமலும் போகவில்லை.

இருபத்திரண்டு வருஷமாகத் தேர்வுப் பிரிவில் இருப்பவள் அவள். இப்போது அந்தப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். தானாகக் கெட்டுத் தானாகச் சரியாகும் வரிசையை அவள் பார்த்ததில்லை.

செம்பூர் தென்னகக் கலை வணிகக் கல்லூரியின் ஐம்பதாவது பட்டமளிப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. இந்த ஒத்திகை புதன்கிழமை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சான்றிதழ்களை, அவை வந்த வரிசை கலையாமல், பெயர் எழுதிய உறைகளில் போட்டு அடுக்கியிருந்தார்கள். மைக்கின் முன்னால் நிற்கும் ஆசிரியை மேலே இருக்கும் உறையின் பெயரைப் படிப்பார். அதற்குரிய பிள்ளை சரியாக அந்த நேரத்தில் படியேற வேண்டும். ஒத்திகைக்கு வராத பிள்ளைகளின் நாற்காலிகளில் முதலாண்டு மாணவர்களை உட்காரவைத்து ஆள் கணக்கையும் அவள் முழுசாக்கியிருந்தாள். அப்படியும் இந்தக் கூத்து.

"உங்க லைன்ல பேய் புகுந்துட்டுக்கா," என்றான் ஷாகிர். கல்லூரியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. நாற்காலிப் பட்டியலை அச்சடித்தவனும் அவன்தான். முப்பத்தைந்து வயது, தாராவியில் பிறந்தவன், பேச்சில் மட்டும் அவனுடைய வாப்பாவின் கடையநல்லூர் அப்படியே இருந்தது.

"பேயின்னா போன வழியே போயிரும்யா. இது போயிட்டுத் திரும்பி வருதே. இது பேயில்ல, கணக்கு."

"கணக்குன்னா இன்னும் பயமால்லா இருக்கு."

மேடையின் ஓரத்திலிருந்து முதல்வர் பத்மஜா கையசைத்து இவளைக் கூப்பிட்டார். மாட்டுங்காக்காரர்; குரலை உயர்த்தாமலே கூடத்தின் கடைசி வரிசையை அடக்கிவிடுவார்.

"பாருங்கோ பிரேமா, போன வருஷமும் இதே கதைதான். அந்த அம்மா போனைக் கொண்டுவந்து நம்ம முன்னாடி வெச்சாளே, ஞாபகம் இருக்கோன்னோ?"

ஞாபகம் இல்லாமல் என்ன? தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவின் மனைவி ஹபீபா. மகள் பரீஹா பட்டம் வாங்குவதைப் பத்தொன்பது விநாடி வீடியோ எடுத்திருந்தார். விழா முடிந்த மறுநாள் கல்லூரிக்கு வந்து, அந்த வீடியோவை ஓடவிட்டு, போனை பிரேமலதாவின் கவுண்டரில் வைத்தார். "எம் மக நடக்கா, சிரிக்கா, கைய நீட்டுதா. பேரு மட்டும் வேற யாரு பேரோ கேக்கு. இத நான் ஊருல யாருக்கு அனுப்ப? இதுல எம் புள்ள பேரு எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க தாயி." பிரேமலதாவால் காட்ட முடியவில்லை. சான்றிதழை அன்றைக்கே சரியாக மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. மேடையில் போன பத்தொன்பது விநாடியைத்தான் யாராலும் மாற்றிக் கொடுக்க முடியவில்லை.

"தப்பாக் கூப்பிடறதைவிடக் கூப்பிடாம இருக்கறது மரியாதை," என்றார் பத்மஜா. "டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டா எழுந்து நிக்கட்டும், எல்லாரும் கைதட்டுவோம். சர்டிஃபிகேட்டைத் திங்கட்கிழமை கவுண்டர்ல வாங்கிண்டு போகட்டும்."

"மேடம், நாப்பத்தொம்போது விழாவுல ஒண்ணுலகூடப் பேரு கூப்பிடாம இருந்ததில்ல."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை அவள். பொன்விழா மலருக்காகக் கல்லூரியின் மைல்கற்களைத் தொகுத்தவள் அவள்தான். ஆறு வாரம் பழைய பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்தாள். முதல் விழா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், கிங்ஸ் சர்க்கிளில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்தது. பட்டதாரிகள் பதினோரு பேர். எண்பத்து நாலில் செம்பூருக்குச் சொந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். மேடைக்குச் சிமெண்ட் பூசி முடியாததால் செங்கல் மேல் பலகை போட்டு அறுபது பேருக்குப் பட்டம் கொடுத்தார்கள். தொண்ணூற்று மூன்றில், கலவரத்தில் ஊர் எரிந்து அடங்கிய பிறகு, ஜனவரியில் நடக்க வேண்டியதை ஏப்ரலில் நடத்தினார்கள். நாற்பத்து நாலு பட்டதாரிகளில் முப்பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். வராத ஐந்து பேரின் பெயரையும் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. இரண்டாயிரத்து ஆறில் முதல்முறையாகப் பெண்கள் ஆண்களைவிட அதிகம். இருபத்தொன்றில் கொரோனா, அப்போதைய முதல்வர் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து முந்நூற்று எழுபது பெயர்களைப் படித்தார், நடுவில் குக்கர் விசில் மூன்று தடவை கேட்டது. மேடை மாறியிருக்கிறது, கட்டடம் மாறியிருக்கிறது, கூட்டம் பதினொன்றிலிருந்து நானூறாகியிருக்கிறது. மாறாதது ஒன்றே ஒன்றுதான்.

"எழுபத்தாறுல பதினோரு பேர். கண்ணை மூடிண்டு கூப்பிடலாம்," என்றார் பத்மஜா. ஆனாலும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. "சரி. புரோகிராம் ஷீட் வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குப் பிரஸ்ஸுக்குப் போறது. அதுக்குள்ள ஒரு பிசகும் இல்லாம ஒரு தடவை நடத்திக் காட்டுங்கோ. காட்டினா பேர் கூப்பிடுவோம். இல்லேன்னா இல்லை."

"காட்டுதேன் மேடம்."

கம்ப்யூட்டர் அறைக்கு வந்ததும் பிரேமலதா பத்து வெற்று உறைகளை எடுத்து ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வோர் உறைக்கும் நேராக அதே எண் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்றையும் வைத்தாள்.

"காகிதம்தான் ஆளு. உறை சர்டிஃபிகேட். இப்போ பாரு." மூன்றாம் உறையை உருவி எடுத்தாள். மற்ற உறைகளை இடைவெளி தெரியாமல் நெருக்கினாள். பிறகு கையிலிருந்த உறையை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் செருகினாள். "படி."

ஷாகிர் விரலை வைத்துப் படித்தான். "ஒண்ணு, ரெண்டு சரி. மூணாம் ஆளுக்கு நாலாம் உறை. நாலுக்கு அஞ்சு. அஞ்சுக்கு ஆறு. ஆறுக்கு ஏழு. ஏழாம் ஆளுக்கு மூணாம் உறை. எட்டு சரி, ஒம்போது சரி, பத்து சரி." நிமிர்ந்தான். "அடடே. தானா சரியாயிருச்சே!"

"ஒண்ணும் தொலையல. ஒண்ணும் கூடல. ஒரே ஒரு உறை இடம் மாறியிருக்கு. அது எங்கேருந்து போச்சோ அங்க பிசகு ஆரம்பிக்கும். எங்க போய் உக்காந்துச்சோ அங்க முடிஞ்சிரும். நம்ம லைன்ல பிசகு ரெண்டு தடவை ஆரம்பிச்சு ரெண்டு தடவை முடியுது. அப்பம் இடம் மாறின உறை ரெண்டு. ஒண்ணு பின்னால போயிருக்கு, ஒண்ணு முன்னால வந்திருக்கு. ரெண்டும் நடுவுல ஒண்ணையொண்ணு சரிக்கட்டுற இடத்துலதான் அந்த முப்பத்தாறு பேரும் தப்பிச்சிருக்காங்க."

அவளுக்கு அதைச் சொல்லி முடித்தபோது காலையிலிருந்து இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு தப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதன் மேல் அவளுக்குக் கோபம் வருவதில்லை.

தேடுவது அதற்கப்புறம் சுலபம். பிசகு ஆரம்பித்த தொண்ணூற்றிரண்டாம் நாற்காலிக்கு உரியவன் நாகராஜ். அவனுடைய உறை இருநூற்றைம்பத்தொன்றாம் இடத்தில் இருந்தது. பிசகு முடிந்த முந்நூற்று முப்பத்தெட்டாம் நாற்காலியில் மாலதி. அவளுடைய உறை இருநூற்றுப் பதினாலில். நாகராஜின் அப்பா கணேசபாண்டியன். மாலதியின் அப்பா சொரிமுத்து. இரண்டு குடும்பமும் தாராவி.

பிரேமலதா நாகராஜுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏய்யா, காலேஜ் ஃபார்ம்ல சர்நேம்னு கேட்ட இடத்துல என்ன எழுதின?"

"அப்பா பேரு மேடம். கணேசபாண்டியன்."

"எக்ஸாம் ஃபார்ம்ல?"

"அதுல பூரா பேரையும் ஒரே டப்பாவுல கேட்டான் மேடம். வீட்ல ஜி.நாகராஜ்னுதானே எழுதுவோம், அந்த ஜி-யை விரிச்சு கணேசபாண்டியன் நாகராஜ்னு போட்டேன். ஏன் மேடம், கியா ஹுவா? டிகிரி கான்சலா?"

"கான்சலும் இல்ல ஒண்ணுமில்ல. நீ வேலை பாக்குற வங்கியில உன்னை என்னன்னு கூப்பிடுதாங்க?"

"மிஸ்டர் கணேஷ்னு. அதுக்கு அப்பாவே பழகிட்டாரு."

ஷாகிர் வாய்விட்டுச் சிரித்தான். "அது பரவால்ல. எம் பாஸ்போர்ட்படி நான் எங்க வாப்பா, எங்க வாப்பாதான் நான்."

விஷயம் இதுதான். மராத்திக் குடும்பத்துக்கும் குஜராத்திக் குடும்பத்துக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. எந்தப் படிவத்திலும் அதை எங்கே எழுதுவதென்று யோசிக்க வேண்டாம். தமிழ்ப் பிள்ளைக்கு இருப்பது ஓர் இனிஷியலும் தன் பெயரும். இனிஷியல் முன்னால் வரும். அதை விரித்து எழுதினால் அப்பா பெயர் முதலிலும் பிள்ளையின் பெயர் கடைசியிலும் நிற்கும். கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு அகரவரிசையில் அடுக்கும். கல்லூரியின் கம்ப்யூட்டர் அப்பா பெயரை வைத்து அடுக்கும். ஒரே பிள்ளை இரண்டு பட்டியலில் இரண்டு வேறு இடத்தில் உட்கார்ந்துவிடும். நானூற்றுப் பன்னிரண்டில் எழுபது பேர் தமிழ்ப் பிள்ளைகள். அறுபத்தெட்டு பேர் இரண்டு படிவத்திலும் ஒரே மாதிரி எழுதிவிட்டார்கள். இரண்டு பேர் எழுதவில்லை. இருநூற்றுப் பதினொரு பேருக்குப் பெயர் மாறிப்போனதற்கு அந்த இரண்டு பேர் போதும்.

"ரெண்டு உறையை எடுத்து மாத்தி வைங்க, சோலி முடிஞ்சது," என்றான் ஷாகிர். "சலோ, சாய் சொல்லவா?"

வியாழக்கிழமை இரண்டாம் ஒத்திகை. உறைகள் இரண்டும் சரியான இடத்துக்கு வந்துவிட்டன. பத்மஜா முதல் வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை ஆள் மாற்று வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்குமோ அப்படியே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார். காலி நாற்காலிகளைப் பார்த்து, அவற்றுக்குரிய உறைகளை பிரேமலதா அடுக்கிலிருந்து உருவிவிட்டாள். வரிசை கிளம்பியது. நூறு தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது. ஒரு பிசகும் இல்லை. அவள் மெதுவாக மூச்சுவிட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒன்பது பேர் வந்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்டவர்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டு, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு ஓடி வந்திருந்தார்கள். அவரவர் நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய உறைகள் அடுக்கில் இல்லை. ஒருவன் கூப்பிடாமலே எழுந்து வரிசையோடு நடந்தான். அவ்வளவுதான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் பெயர் மாறியது. பிரேமலதா உருவி வைத்த உறைகளைத் திரும்பச் செருகப் போனாள். அதற்குள் இன்னும் பத்துப் பேர் மேடையைக் கடந்துவிட்டார்கள்.

பத்மஜா எழுந்து வந்தார். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்க மேல தப்பில்லை. நானூறு பேர் ஒரு லிஸ்ட்டுக்கு அடங்கி நடக்க மாட்டா. ஒருத்தருக்கு பஸ் கிடைக்காது, ஒருத்தருக்கு பாத்ரூம் போகணும். விட்டுடுங்கோ."

"நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்க மேடம்."

"குடுத்தேன்தான்."

"அப்பம் இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருக்கு."

சயானில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, பட்டியலை எப்படிச் சரிசெய்வது என்றுதான் அவள் யோசித்தாள். வருகிறவர்களை வாசலிலேயே எண்ணி, மேடைக்குச் செய்தி அனுப்பி, உறைகளை மறுபடி அடுக்கி... எந்த வழியில் யோசித்தாலும் ஓர் ஆள் தாமதமாக வந்ததும் எல்லாம் சரிந்தது. மறுபடி மறுபடி சரிந்தது.

வெள்ளிக்கிழமை கிருத்திகை. காலையில் கல்லூரிக்குப் போகுமுன் செம்பூரில் முருகன் கோயிலுக்குப் போனாள். நல்ல கூட்டம். அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். தேங்காய், பழம், வெற்றிலை, பூ, மேலே சீட்டு. முன்னால் எழுபது எண்பது பேர், ஒவ்வொருவர் கையிலும் இதே மாதிரி ஒரு தட்டு.

குருக்கள் ஒரு தட்டை வாங்கினார். "பேரு? நட்சத்திரம்?" சொன்னார்கள். அவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி அர்ச்சனை செய்து, தேங்காயை உடைத்து ஒரு மூடியைத் தட்டிலேயே வைத்து, அதே ஆளிடம் திருப்பிக் கொடுத்தார். அடுத்த தட்டு. "பேரு? நட்சத்திரம்?"

நெற்றியில் வியர்வையோடு ஒருவர் பக்கத்து வழியாக வந்து வரிசையின் நடுவில் நுழைந்தார். பின்னால் நின்ற அம்மாள் விடவில்லை. "என்ன சார், உங்களுக்கு மட்டும் தனி முருகனா?"

"ஆபீஸுக்கு லேட்டாயிடுத்து மாமி."

"நாங்க மட்டும் சினிமாவுக்கா போறோம்?"

அந்த மனிதர் அசையவில்லை. அவர் முறை வந்தது. தட்டைக் கொடுத்தார், பெயரைச் சொன்னார், அவருடைய பெயரையே குருக்கள் சொன்னார், அவருடைய தட்டே அவரிடம் திரும்பி வந்தது. பின்னால் நின்ற அம்மாளுக்கு அந்த அம்மாளின் பெயர்.

பிரேமலதா வரிசையிலேயே நின்றுவிட்டாள். "நகருங்கம்மா," என்று யாரோ முதுகில் இடித்தார்கள்.

வரிசையின் நடுவில் ஓர் ஆள் நுழைந்தார். ஒரு பெயரும் மாறவில்லை! ஏனென்றால் இங்கே பட்டியல் என்று ஒன்றே இல்லை. யார் முதலில் வருவார் என்று குருக்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தட்டு கோயிலில் அடுக்கி வைக்கப்பட்டு ஆளுக்காகக் காத்திருக்கவில்லை. ஆள்தான் தட்டோடு வருகிறார்.

தன் முறை நெருங்கும்போது இன்னொன்றையும் கவனித்தாள். கூட்டத்தைப் பார்த்து உதவிக் குருக்கள் அவசரப்பட்டு மூன்று தட்டுகளை ஒன்றாக உள்ளே வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தேங்காய் மூடிகள் மாறிவிட்டன. "என்னுது பெரிய தேங்காய் ஐயரே, இது கொட்டாங்கச்சி மாதிரி இருக்கே," என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். அப்படியானால் ஒரு நேரத்தில் ஒரு தட்டு. அதைத் தாண்டினால் இங்கேயும் குழப்பம்தான்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"பிரேமலதா. ரோகிணி." சொல்லிவிட்டு, தட்டு திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினாள். பத்து.

கல்லூரியில் பத்மஜா முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முன்னாடியே கைல குடுத்துட்டா அப்புறம் மேடைல குடுக்கறதுக்கு என்ன இருக்கு?"

"தேங்காயும் நம்ம காசுல வாங்கினதுதான் மேடம். சாமி கிட்டயிருந்து வாங்கினோம்னுதானே வீட்டுக்குக் கொண்டுபோறோம்?"

"மாஹிம் தர்காவுலயும் அப்படித்தான் மேடம்," என்றான் ஷாகிர் வாசலில் நின்றபடி. "பூவைக் கொண்டுபோறது நாம. வாங்கிப் போடுறவங்க கைபட்டு வந்தாத்தான் மதிப்பு."

"கைல வாங்கிண்டு அப்படியே ஆத்துக்குப் போயிட்டா?"

"போகட்டும் மேடம். அவங்க ஒருத்தங்க போனதால மத்தவங்க யாரு பேரும் மாறாது. நேத்து ஒருத்தன் எழுந்து நடந்ததுக்கே எல்லாம் கலைஞ்சிது."

"வராதவா?"

"கவுண்டர்ல மிஞ்சுற உறைதான் வராதவங்க. தேடவே வேண்டாம். கடைசில அந்தப் பேருகளையும் படிச்சிரலாம்."

பத்மஜா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "வாங்கோ. நான் கலைக்கறேன். கலையாம இருக்கான்னு பார்ப்போம்."

பதினொன்றரை மணிக்கு அறுபது பிள்ளைகள் கூடத்தில் இருந்தார்கள். நாற்காலிகளில் எண் இல்லை. ஒவ்வொருவரும் கவுண்டரில் கையெழுத்துப் போட்டு, தன் உறையை வாங்கி, உள்ளே இருப்பது தன்னுடையதுதானா என்று பார்த்து, தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி உறையின் மேல் குத்தினார்கள். நாகராஜ் வெறும் 'நாகராஜ்' என்று எழுதினான். மாலதி எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். கடைசியில் இரண்டு பெயரையும் போட்டு, தன்னுடையதை முதலில் வைத்தாள்.

வரிசை நகர ஆரம்பித்ததும் பத்மஜா வேலையைத் தொடங்கினார். நடுவிலிருந்து நான்கு பேரைப் பிடித்துக் கடைசிக்கு அனுப்பினார். இரண்டு பேரை வெளியே போகச் சொல்லி, பக்கவாட்டுக் கதவு வழியாக முன்னால் நுழையச் சொன்னார். இரட்டையர்களைப் போல உடுத்தியிருந்த இரண்டு பெண்களை இடம் மாற்றினார். ஒரு பையனின் காதில் ஏதோ சொன்னார். அவன் உறையோடு கேன்டீனுக்கே போய்விட்டான்.

படியடியில் பிரேமலதா ஒரே ஒரு விதியைக் காத்துக்கொண்டு நின்றாள். முன்னால் போனவர் கையில் உறை திரும்பி வரும்வரை அடுத்த ஆளை அவள் படியேற விடவில்லை. ஒரு பெண் ஆர்வத்தில் காலை எடுத்து வைத்தபோது கையை நீட்டித் தடுத்தாள். "நில்லுட்டீ. அவன் கைக்கு வரட்டும்."

"நாகராஜ்," என்றது ஒலிபெருக்கி. நாகராஜ் நடந்தான். "மாலதி சொரிமுத்து." மாலதி நடந்தாள்.

பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஐம்பத்தொன்பது பெயர்கள், ஐம்பத்தொன்பது முகங்கள், ஒன்றுகூட மாறவில்லை. கேன்டீனுக்குப் போனவன் வாயில் வடாபாவோடு திரும்பி வந்து, "மேடம், நான் இப்போ போகட்டா?" என்றான். போனான். அறுபது.

பத்மஜா மூச்சு வாங்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னாலயே கலைக்க முடியலை," என்றார். பிறகு போனை எடுத்துப் பிரஸ்ஸைக் கூப்பிட்டார். "ஆமா, அந்த லைன் இருக்கட்டும். பட்டம் பெறுவோர் பெயர் அழைப்பு. எடுக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் மேடையேறினார்கள். அவர்களில் முப்பத்தொரு பேர் தாமதமாக வந்தவர்கள். கவுண்டரில் மிஞ்சிய பதினாறு உறைகளின் பெயர்களும் கடைசியில் படிக்கப்பட்டன. விழா முடிந்து கூடம் காலியாகிக்கொண்டிருக்கும்போது பிரேமலதா பட்டமளிப்புப் பதிவேட்டைத் திறந்து, ஐம்பதாவது விழா என்று தலைப்பிட்டு, அடுத்த வருஷம் இந்த வேலையைச் செய்யப்போகிறவருக்குப் புரியும்படி இப்படி எழுதினாள்:

"பெயர்ப் பட்டியலை வைத்து ஆட்களை வரிசைப்படுத்த வேண்டாம். வந்தவுடன் ஒவ்வொருவரும் தம் சான்றிதழைக் கவுண்டரில் கையெழுத்திட்டு வாங்கிச் சரிபார்த்து, தம்மை அழைக்க வேண்டிய பெயரைச் சீட்டில் எழுதி உறையின் மேல் இணைக்க வேண்டும். எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம், எந்த வரிசையிலும் வரலாம். படியேறியதும் உறையை வாசிப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் சீட்டிலுள்ள பெயரைப் படித்து உறையைச் சிறப்பு விருந்தினரிடம் கொடுப்பார். விருந்தினர் அதை அதே பிள்ளையிடம் கொடுப்பார். ஒருவருடைய உறை அவர் கைக்குத் திரும்பும்வரை அடுத்தவர் படியேறக் கூடாது. ஓர் ஆளுக்குப் பத்து விநாடி ஆகும்."